பாரதிக்கு மெட்டுப் போட யாரிடமும் கேட்க வேண்டாம்

'காக்கைச் சிறகினிலே' என்று படித்தாலே யேசுதாஸ் குரல் வந்துவிடுகிறது. 'நல்லதோர் வீணை' என்றால் எஸ்.பி.பி., 'சின்னஞ்சிறு கிளியே' என்றால் எம்.எல்.வசந்தகுமாரி. பாரதியின் வரிகளைக் குரல் இல்லாமல், வெறும் எழுத்தாக மட்டும் மனசுக்குள் படிக்க நம்மில் பெரும்பாலானவர்களுக்கு வராது. ஆனால் இந்த மூன்றில் எதையும் பாரதி கேட்டதில்லை, மெட்டுகளும் அவருடையவை அல்ல. அவர் 1921 செப்டம்பரில் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்தியாவில் கிராமபோன் பதிவு 1902லேயே தொடங்கிவிட்டது, அவர் வாழ்ந்த காலத்திலேயே தட்டுகள் விற்றன. இருந்தும் அவர் குரல் எந்தத் தட்டிலும் நமக்குக் கிடைக்கவில்லை. நண்பர்கள் அத்தனை பேரும் அவர் பாடுவதைப் பற்றி உருகி உருகி எழுதியிருக்கிறார்களே தவிர, கேட்க நமக்கு ஒரு நிமிடம் கூட இல்லை.

அப்படிப்பட்ட ஒருவர் தட்டு, வானொலி, சினிமா, கேசட், இப்போது செல்போன் என்று எல்லாக் கருவிகளிலும் எப்படி இத்தனை காலம் தாக்குப்பிடித்தார்? "மகாகவி ஆச்சே" என்பது பாதி பதில்தான். மகாகவிகள் பல மொழிகளில் இருக்கிறார்கள், அவர்களில் பலர் பாடப்புத்தகத்தைத் தாண்டி வரவில்லை. மீதிப் பதில் கொஞ்சம் வறட்டுத்தனமானது. பாரதியின் பாட்டு இரண்டு விதத்தில் பூட்டப்படாமல் இருந்தது: மெட்டைப் பூட்டாமல் விட்டவர் அவரே, உரிமையைப் பூட்டாமல் வைத்தது 1949ல் நடந்த ஒரு விஷயம். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய காரணம். அதைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம்.

முதலில் மெட்டு. பாரதி பாடிக்கொண்டே எழுதியவர். எட்டயபுரத்துக்காரர், அதாவது காவடிச்சிந்து பிறந்த கழுகுமலைக்குப் பக்கத்து ஊர். சிந்து, கும்மி, கிளிக்கண்ணி, பள்ளு என்று நாட்டுப்பாட்டு வடிவங்கள் எல்லாம் காதில் விழுந்துகொண்டே இருந்த மண். 'நெஞ்சு பொறுக்குதில்லையே' நொண்டிச்சிந்து, 'நெஞ்சில் உரமுமின்றி' கிளிக்கண்ணி. அரசியல் கோபத்தைச் சொல்லப் புது வடிவம் தேடாமல், ஏற்கனவே எல்லார் வாயிலும் இருந்த மெட்டில் ஏற்றிவிட்டார். சுதேசி இயக்கக் காலத்தில் இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள். பாட்டைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டாம், வார்த்தையை மட்டும் மாற்றிக்கொண்டால் ஊர்வலத்தில் சேர்ந்துவிடலாம். 1907ல் வி.கிருஷ்ணசாமி ஐயர், அரசியலில் பாரதிக்கு எதிர்முகாமான மிதவாதி, பாரதியின் பாட்டைக் கேட்டு மயங்கி அவருடைய தேசப் பாடல்களில் சிலவற்றை 15,000 பிரதிகள் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார். கட்சி வேறாக இருந்தாலும் பாட்டு போய்ச் சேர்ந்தது. அடுத்த வருடமே பாரதி எழுதிவந்த 'இந்தியா' பத்திரிகைமீது வழக்கு வந்து, அவர் புதுச்சேரிக்குப் போய் 10 வருடம் பிரெஞ்சு எல்லைக்குள் கிடந்தது தனிக்கதை.

பல பாடல்களின் தலைப்பில் ராகம், தாளம் எல்லாம் குறித்திருக்கிறார். ஆனால் அதைப் பிடிவாதமாகச் சொல்லவில்லை. 'சின்னஞ்சிறு கிளியே' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பைரவி ராகம், ரூபக தாளம் என்று எழுதி, கீழே சில ஸ்வர வரிசைகளையும் கொடுத்துவிட்டு, இதை மாதிரியாக வைத்துக்கொண்டு மனோபாவப்படி மாற்றிப் பாடலாம் என்று அவரே சொல்லிவிடுகிறார். ஒரு கவிஞர் தன் பாட்டுக்கு இப்படி எழுதிக்கொடுத்த அனுமதிச்சீட்டு வேறு எங்கும் பார்த்த நினைவில்லை. தமிழ்நாடும் அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டது. 1951ல் 'மணமகள்' படத்துக்கு சி.ஆர்.சுப்பராமன் இசையமைத்தபோது பைரவியை விட்டுவிட்டுக் காபி ராகத்தில் தொடங்கி, பல ராகங்களைக் கோத்த ராகமாலிகையாக அமைத்தார், எம்.எல்.வி.யும் வி.என்.சுந்தரமும் பாடினார்கள். அந்த மெட்டு எவ்வளவு ஆழமாக இறங்கியதென்றால், இன்றைக்குக் கச்சேரி மேடையில் ஒருவர் இதே பாட்டை பைரவியில் பாடினால் "தப்பாகப் பாடுகிறாரே" என்று சபை நெளியும். சினிமா மெட்டு மரபாகிவிட்டது, கவிஞர் எழுதிவைத்த மெட்டு புதுமை போலக் கேட்கிறது!

இன்னொரு விஷயம், இசையமைப்பாளர்களுக்கு அவர் வரிகள் ஏன் இவ்வளவு வாகாக இருக்கின்றன என்பது. சந்தம் உள்ளேயே இருக்கிறது, சரி. அதைவிட முக்கியம், அடிக்கு நடுவிலோ கடைசியிலோ ஒரு விளி வந்து நிற்கும்: கண்ணம்மா, நந்தலாலா, பாப்பா, முரசே. பாடகருக்கு மூச்சு வாங்க, நீட்ட, சங்கதி போட, வாத்தியம் உள்ளே நுழைய அந்த இடம் போதும். 'காக்கைச் சிறகினிலே' மொத்தமே நான்கு கண்ணிதான், அதாவது நான்கு சிறு சரணம், ஒவ்வொன்றும் நந்தலாலாவில் வந்து இறங்குகிறது. வேறு எந்தப் பெரிய கவிதையையும் மெட்டுக்குள் உட்கார வைக்கக் கத்தரிக்க வேண்டியிருக்கும், இதற்கு அந்த வேலையே இல்லை.

கத்தரிப்பு வேறு பாட்டுகளுக்கு நடந்தது. அதைச் செய்தது தணிக்கைக்காரர் இல்லை, தட்டு. பழைய 78 ஆர்.பி.எம். தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான் கொள்ளும். 'சின்னஞ்சிறு கிளியே' 10 கண்ணிகள், அதில் எத்தனை உங்களுக்கு மனப்பாடம்? பாடகர்கள் மூன்று நான்கு சரணத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் அதையே திரும்பப் பாடினார்கள், பள்ளி ஆண்டுவிழா வரைக்கும் அதே சரணங்கள்தான். தீராத விளையாட்டுப் பிள்ளைக்கும் இதே கதி. ஆக நமக்குத் தெரிந்த பாரதியில் ஒரு பங்கு அரக்குத் தட்டின் அளவு முடிவுசெய்தது.

தணிக்கையும் இல்லாமல் இல்லை. அவர் இறந்து 7 வருடம் கழித்து, 1928ல், சென்னை அரசாங்கம் பாரதி பாடல் புத்தகங்களைத் தடைசெய்து பறிமுதல் செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்துக் கொதித்தார். தடையில் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது: பாட்டு இன்னும் சத்தமாகக் கேட்டது. 1930களில் நாடக மேடை, காங்கிரஸ் கூட்டம், கச்சேரியின் கடைசியில் சின்னப் பாட்டுகள் வரும் துக்கடாப் பகுதி என்று எல்லா இடத்திலும் பாரதி. அதில் டி.கே.பட்டம்மாள் தனியாகச் சொல்லப்பட வேண்டியவர். சினிமாவில் தேசபக்திப் பாட்டும் பக்திப் பாட்டும் மட்டும்தான் பாடுவேன் என்று எல்லை போட்டுக்கொண்டவர், அந்த எல்லைக்குள் நின்றே பாரதியை வீடு வீடாகக் கொண்டுபோனார். 1947 பொங்கலுக்கு வந்த ஏவி.எம்.மின் 'நாம் இருவர்' படத்தில் 'ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே'யையும் 'வெற்றி எட்டுத் திக்கும்' பாட்டையும் அவர் பாட, குமாரி கமலா ஆட, ஆகஸ்டில் சுதந்திரம் வருவதற்குள் அந்தப் பாட்டுகள் ஊரெல்லாம் ஓடிவிட்டன. "ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்" என்று பாரதி எழுதியது அடைவதற்குப் பல வருடங்கள் முன்னால். தட்டில் கேட்டவர்களுக்கோ அது அந்த வருடத்துச் செய்தி.

இங்கேதான் உரிமைக் கதை நுழைகிறது.

பாரதி குடும்பத்துக்கு விட்டுப்போனது கடனும் கையெழுத்துப் பிரதிகளும். செல்லம்மா முதலில் தானே பதிப்பிக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு பதிப்புரிமை பாரதியின் தம்பி சி.விசுவநாதன் கைக்கு, பாரதி பிரசுராலயத்துக்குப் போனது. அதிலிருந்து ஒலிப்பதிவு உரிமையை மட்டும் தனியாகப் பிரித்து, 1930களில் ஜேசிங்லால் மேத்தா என்ற நகை வியாபாரிக்கு விற்றார்கள். விலை சில நூறு ரூபாய்! அன்றைக்கு ஒரு கவிஞரின் பாட்டைத் தட்டில் பதிக்கும் உரிமைக்கு எதிர்காலம் உண்டு என்று எழுத்து உலகத்தில் யாரும் நினைக்கவில்லை, கிராமபோன் வியாபாரத்தைத் தெரிந்தவர் நினைத்தார், அவ்வளவுதான். 1940களில் ஏவி.எம். அதிபர் ஏவி.மெய்யப்பச் செட்டியார் அதை மேத்தாவிடமிருந்து பல மடங்கு கொடுத்து வாங்கினார். 'நாம் இருவர்' அந்தக் கணக்கில் வந்த படம். செட்டியாரைக் குறை சொல்லவும் முடியாது. பாரதி பாட்டுக்கு இவ்வளவு பெரிய சந்தை இருக்கிறது என்று எல்லாருக்கும் காட்டியதே அவர்தான்.

காட்டியவுடன் சண்டை வந்தது. 1948ல் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் 'தூண்டிற் புழுவினைப் போல்' பாட்டை வைத்தார்கள், உரிமை தன்னுடையது என்று ஏவி.எம். தரப்பு சட்ட நடவடிக்கையில் இறங்கியது. அந்தச் சகோதரர்களில் ஒருவரான நாடகக்காரர் டி.கே.சண்முகம் வருடக்கணக்காக மேடையில் பாரதியைப் பாடி வந்தவர், அவருக்கு எப்படி இருந்திருக்கும்! "பாரதிக்கு யார் சொந்தக்காரர்?" என்ற கேள்வி பத்திரிகை, மேடை, கம்யூனிஸ்ட் கட்சி, காங்கிரஸ் என்று எல்லா இடத்திலும் வெடித்தது. கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா முழங்கினார். எழுத்தாளர் நாரண துரைக்கண்ணன், சண்முகம் எல்லாம் திருநெல்வேலிக்குப் போய் செல்லம்மாவைப் பார்த்து, பாடல்களைப் பொதுவாக்கச் சம்மதக் கடிதம் வாங்கி வந்தார்கள். கடைசியில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு இறங்கி வந்தது. 1949 மார்ச்சில் கல்வி அமைச்சர் அவிநாசிலிங்கம் செட்டியார் அறிவித்தார்: பாரதியின் படைப்புகள் இனி அரசாங்கத்துடையவை. விசுவநாதனுக்கு 15,000 ரூபாய், செல்லம்மாவுக்கும் இரண்டு மகள்களுக்கும் தலா 5,000 ரூபாய். மெய்யப்பச் செட்டியார் ஒலிப்பதிவு உரிமைக்குப் பணம் எதுவும் வாங்காமலே கொடுத்துவிட்டார். 1950களின் நடுவில் அரசும் தன் பிடியை விட்டது, யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம், பாடலாம் என்றானது.

இதை ஒரு தியாகக் கதையாக மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம். தேதிகளை வைத்துக் கணக்குப் போட்டால்தான் இதன் எடை தெரியும். அன்றைய சட்டப்படி ஒரு எழுத்தாளரின் உரிமை அவர் இறந்து 50 வருடம் நீடிக்கும், அதாவது பாரதிக்கு 1971 முடிய. 1949ல் அந்த அறிவிப்பு வராமல் இருந்திருந்தால், அதுவரை பாரதியின் ஒரு வரியைத் தட்டில் பதிக்கவும் படத்தில் வைக்கவும் ஒரே ஒரு ஸ்டூடியோவின் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். சரி, 1971க்கு முன்னால் என்ன வந்தது? 1961ல் பி.ஆர்.பந்துலுவின் 'கப்பலோட்டிய தமிழன்'. ஜி.ராமநாதன் இசை, பாட்டெல்லாம் பாரதி. திருச்சி லோகநாதனின் 'தண்ணீர் விட்டோ வளர்த்தோம்', சீர்காழியின் 'வந்தே மாதரம் என்போம்', பி.பி.ஸ்ரீநிவாஸும் பி.சுசீலாவும் பாடிய 'காற்று வெளியிடைக் கண்ணம்மா'. 1964ல் 'கை கொடுத்த தெய்வம்', விஸ்வநாதன்-ராமமூர்த்தியின் 'சிந்து நதியின் மிசை'. அதில் நடுவே தெலுங்கு வரிகளையே சேர்த்துவிட்டார்கள், கவிதையைத் தொடக்கூடாது என்று சொல்ல ஆளில்லை. போட்டித் தயாரிப்பாளர் ஒருவரிடம் பாட்டுக்குப் பாட்டு அனுமதி வாங்கி, பந்துலு ஒரு முழுப்படத்தை பாரதியால் நிரப்பியிருப்பார் என்று நம்ப எனக்குத் தெம்பில்லை.

பக்கத்தில் வங்காளத்தைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். தாகூரும் பாடலாசிரியர்தான், அவரே மெட்டும் போட்டவர், ஸ்வரக் குறிப்போடு புத்தகங்களும் இருக்கின்றன. அவர் எழுத்தின் உரிமை, அவரே நிறுவிய விஸ்வபாரதி பல்கலைக்கழகத்திடம் 2001 முடிய இருந்தது. பதிவுகளைப் பரிசீலிக்க அவர்கள் வைத்திருந்த குழு ஒப்புதல் கொடுத்தால்தான் ரவீந்திர சங்கீதத் தட்டு, அதாவது தாகூர் பாட்டுத் தட்டு, வெளியே வரும். வாத்தியம் அதிகம், பாணி சரியில்லை என்று குழு சொன்னதில் தேவவிரத பிஸ்வாஸ் போன்ற மாபெரும் பாடகரே மனம் நொந்து பதிவையே நிறுத்திவிட்டார். இதனால் ரவீந்திர சங்கீதத்துக்கு ஒரு தூய்மை, ஒரு தொடர்ச்சி கிடைத்தது, மறுக்கவில்லை. ஒரு பாட்டுக்கு ஒரு மெட்டு, நூறு வருடம் கழித்தும் அதே மெட்டு. பாரதிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, அதனால் மோசமான பாரதிப் பதிவுகளும் வண்டி வண்டியாக உண்டு, குறிப்பாகச் சுதந்திர தினத்துக்கென்று அவசரமாகத் தயாரிக்கிற ரகம். ஆனால் ஒவ்வொரு தலைமுறையின் இசையமைப்பாளரும் வந்து தன் கையைப் பார்த்துக்கொள்ளும் இடமாக பாரதி ஆனது இந்தப் பாதுகாப்பின்மையால்தான்.

அந்த வரிசையைக் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள். 1980ல் 'வறுமையின் நிறம் சிவப்பு', வேலையில்லாத இளைஞனின் பசிக்கு நடுவே எம்.எஸ்.வி. 'நல்லதோர் வீணை'யை வைக்கிறார். 1982ல் கே.ஹரிஹரனின் 'ஏழாவது மனிதன்', எல்.வைத்தியநாதன் இசை, திரும்பவும் முழுப்படமும் பாரதி. தொழிற்சாலை முதலாளிக்கும் ஊர்மக்களுக்கும் நடக்கிற மோதலைச் சொல்கிற கதை அது. பாரதியின் அரசியலும் அவருடைய காதலும் ஒரே இசைத்தட்டில் ஒன்றையொன்று விழுங்காமல் உட்கார்ந்திருக்கிற ஆல்பம் என்றால் எனக்கு இதுதான். 'வீணையடி நீ எனக்கு' பாட்டை ஒரு தடவை ஹெட்போனில் கேளுங்கள். 1985ல் 'சிந்து பைரவி'யில் 'மனதில் உறுதி வேண்டும்' இளையராஜா கையில். 2000ல் ஒரே வருடத்தில் இரண்டு: 'பாரதி' படத்தில் இளையராஜா 'நிற்பதுவே நடப்பதுவே'யை ஹரீஷ் ராகவேந்திராவுக்குக் கொடுக்கிறார், 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் 'சுட்டும் விழி'யை ஹரிஹரனுக்குக் கொடுக்கிறார். தத்துவ விசாரம் ஒரு பக்கம், மெல்லிசைக் காதல் இன்னொரு பக்கம். அப்புறம் வரிகளே இல்லாமல் வெறும் நிழலாகவும் பாரதி வருகிறார். 2005ல் 'கஜினி'யில் 'சுட்டும் விழிச் சுடரே' என்று தொடங்கும் பாட்டு நா.முத்துக்குமாருடையது, முதல் அடியின் வாசனை மட்டும் பாரதி. கண்ணம்மா என்று ஒரு பெண்ணை அழைத்துத் தொடங்குகிற சினிமாப் பாட்டுகளை எண்ண ஆரம்பித்தால் எண்ணி முடியாது.

கண்ணம்மாவிடம் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. ஒலிப்பதிவுச் சந்தையில் அவள் ஜெயித்துவிட்டாள், மற்றவர்கள் தோற்றுவிட்டார்கள். பாரதியின் கண்ணம்மா சில இடங்களில் காதலி, சில இடங்களில் குழந்தை, சில இடங்களில் பராசக்தி. சினிமா வசதிக்கு அவளைக் காதலியாக்கி டூயட்டில் நிறுத்தியது, கோபக்கார பாரதி ஆகஸ்ட் 15க்கு மட்டும் வெளியே வருகிறார், அதுவும் வடிகட்டி. 'ஆடுவோமே பள்ளு' பாட்டில் "பார்ப்பானை ஐயரென்ற காலமும் போச்சே" என்ற அடி வெள்ளைப் பரங்கியைத் துரையென்ற அடிக்கு முன்னால் வருகிறது. மேடையில் பாடும்போது நைசாக முதல் அடியைத் தாண்டி இரண்டாவதுக்குப் போகிறவர்கள் உண்டு. பறையருக்கும் தீயருக்கும் புலையருக்கும் விடுதலை என்று பெயர் சொல்லித் தொடங்குகிற பாட்டை எத்தனை பேர் புதிதாகப் பதிவுசெய்கிறார்கள்? வசன கவிதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று, வெயில், கடல் என்று பேச்சுநடையில் பாய்ந்து போகிற வரிகள், சந்தம் இல்லாததால் பழைய மெட்டுக்காரர்கள் கை வைக்கவில்லை. நியாயம்தான். ஆனால் தாளத்தின்மேல் பேசியே பாட்டு செய்கிற ராப் தலைமுறை வந்த பிறகும் அவை பெரும்பாலும் அப்படியே கிடப்பதுதான் ஆச்சரியம். எடுக்க ஒரு பைசா செலவில்லை.

செலவில்லை என்று சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். பொதுச்சொத்து ஆனது பாரதியின் வரி மட்டும்தான். மெட்டு தனி, அது இசையமைப்பாளரின் ஆயுளும் அதற்குமேல் 60 வருடமும் உரிமைக்குள் இருக்கும். பதிவு இன்னொரு தனி, வெளியான வருடத்திலிருந்து 60 வருடம். அதனால்தான் பாரதி பாட்டைப் பாடி இணையத்தில் ஏற்றியவருக்கு ஏதோ ஒரு இசை நிறுவனத்தின் பெயரில் உரிமைக் கோரிக்கை வந்து விழுகிறது, அவரும் "பாரதிக்கே காப்புரிமையா!" என்று கொதிக்கிறார். கோரிக்கை பாரதிமேல் இல்லை, அவர் எடுத்துப் பாடிய மெட்டின்மேல், அல்லது பின்னால் ஓடவிட்ட பதிவின்மேல். 1961ல் வெளியான ஒலிப்பதிவுக்கு 2021ஓடு காலம் முடிந்துவிட்டது. சுப்பராமன் 1952லேயே காலமானவர், அவர் மெட்டுக்கான கெடுவும் தாண்டிவிட்டது. எம்.எஸ்.வி. 2015ல் மறைந்தார், ஆக 'நல்லதோர் வீணை'க்கு அவர் போட்ட மெட்டு 2075 முடிய யாரோ ஒருவருக்குச் சொந்தம். அதே வரிகளுக்கு உங்கள் மெட்டு ஒன்று இருந்தால், இன்றைக்கு ராத்திரியே பதிவுசெய்து ஏற்றலாம்.